நோயாளியிடம் போய் ‘விசுவாசம் போதாது’ என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வாசகர் கடிதங்கள் பகுதியில் ஒரு தாய் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மகனுடைய நோய்க்காக நவநாள் என்கிற ஒன்பது நாள் செபம் செபித்திருக்கிறார், உபவாசம் இருந்திருக்கிறார், அவனுக்காகக் கோயிலில் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நோய் தீரவில்லை. அதையாவது தாங்கிக்கொண்டிருப்பார். செபிக்க வந்த ஒருவர் கிளம்பும்போது, “உங்களுக்கு விசுவாசம் போதவில்லை, முழுசா நம்பியிருந்தா பையன் இந்நேரம் எழுந்து நடந்திருப்பான்” என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதற்கப்புறம் கோயிலுக்குப் போக மனம் வரவில்லை, செபமாலையை எடுக்கக் கை வரவில்லை, எனக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தார். அவருக்காகவும், அவரிடம் அப்படிப் பேசியவருக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நீளமாகிவிட்டது, இடம் இருந்தால் முழுசாகப் போடுங்கள்.

நான் இறையியல் படித்தவள் இல்லை. கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் வீட்டுக்கே நற்கருணை, அதாவது கிறிஸ்துவின் உடலாக நாங்கள் ஏற்கும் திருப்பலி அப்பம், கொண்டு போகும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். திருத்தந்தை ஆறாம் பவுல் 1973-இல் குருப்பட்டம் பெறாத பொதுநிலையினருக்கும் இந்தப் பணியைத் திறந்துவிட்டார். அதனால் என்னைப் போன்றவர்களும் சின்ன நற்கருணைச் சிமிழைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறோம். ஒரு வெள்ளைத் துணி, சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபம் ஒன்று, ஒரு மெழுகுவர்த்தி, படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அவ்வளவுதான் ஏற்பாடு. விழுங்க முடியாதவர்களுக்கு அப்பத்தில் நகத்தளவு பிட்டு ஒரு கரண்டித் தண்ணீரோடு கொடுப்போம். அந்தப் படுக்கைகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன். அங்கே எனக்கு அதிகம் கேட்கக் கிடைக்கிற கேள்வி, “நான் என்ன பாவம் செய்தேன், எனக்கு ஏன் இப்படி?” என்பது. அது அவர்களுக்குள்ளே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் வேறு போய் அதன்மேல் இன்னொரு குற்றப்பத்திரிகை வாசிக்க வேண்டுமா?

அப்படிப் பேசுகிறவர்கள் வேத வசனத்தைத்தான் எடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்பதால் வசனத்திலிருந்தே கேட்கிறேன். மாற்கு நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் நோயுற்ற மகனைக் கொண்டுவருகிறார். அவர் என்ன சொல்கிறார்? “நான் நம்புகிறேன். என் நம்பிக்கையின்மை நீங்க உதவும்” என்று கதறுகிறார். பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம், அதை மறைக்கக்கூட இல்லை. இயேசு அவரை, முழுசாக நம்பிவிட்டு வா என்று திருப்பி அனுப்பினாரா? பையனைக் குணமாக்கினார். இதே நிகழ்ச்சியை மத்தேயு சொல்லும்போது, எங்களால் ஏன் முடியவில்லை என்று சீடர்கள் தனியாக வந்து கேட்கிறார்கள். உங்கள் நம்பிக்கைக் குறைவுதான் காரணம் என்று இயேசு சொல்கிறார். அதாவது, கண்டிப்பு வாங்கியவர்கள் செபிக்கப் போனவர்கள். பிள்ளையைப் பெற்றவருக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. யாராவது ஒரு நோயாளியின் வீட்டில் நின்று ‘விசுவாசக் குறைவு’ என்று வாய் திறக்கும்முன் அந்த இடத்தை ஒருமுறை பொறுமையாக வாசித்துவிட்டுப் போகட்டும்.

நாசரேத்தூரில் அவர்களுக்கு நம்பிக்கை இல்லாததால் அவர் வல்ல செயல்கள் பல செய்யவில்லை என்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் ‘இவர் தச்சர் அல்லவா’ என்று அவரை ஏளனமாகப் பார்த்து ஒதுக்கியவர்கள். பிள்ளைக்காக முழங்காலில் கிடக்கிற தாயை அவர்களோடு எப்படிச் சேர்ப்பது? அங்கேகூட உடல் நலமற்றோர் சிலர்மேல் கைகளை வைத்துக் குணமாக்கினார் என்றுதான் மாற்கு எழுதுகிறார்.

திருத்தூதர் பவுலைப் பாருங்கள். அவர் உடலில் பட்ட துண்டுகளையும் கைக்குட்டைகளையும் எடுத்துப்போய் நோயாளிகள்மேல் வைத்தார்கள், நோய் நீங்கியது என்கிறது திருத்தூதர் பணிகள். அதே பவுல், ‘துரோப்பிம் நோயுற்றிருந்ததால் அவரை மிலேத்துவில் விட்டுவந்தேன்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார். கூட ஊழியம் செய்தவர், நோயோடு விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. அவருடைய சீடர் திமொத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகிறது. வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சை இரசம் சாப்பிடு என்று வைத்தியம் சொல்கிறார். தன் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை கேட்டுப் பார்க்கிறார், கிடைத்த பதில் “என் அருள் உனக்குப் போதும்” என்பதுதான். இவர்களுக்கெல்லாம் விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்குத் தைரியம் இருக்கிறது?

நம் காலத்திலேயே பார்த்தோமே. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உலகம் முழுவதும் சுற்றி வந்தவர், கடைசி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோயில் கை நடுங்கி, தலை சாய்ந்து, பேச்சுக் குழறிப்போனார். 2005-ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று ஜன்னலுக்கு வந்தார், மைக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள், பேச முயன்றார், குரல் வரவில்லை. கையை மட்டும் உயர்த்தி சிலுவை வரைந்து ஆசி கொடுத்துவிட்டு உள்ளே போனார். ஆறு நாளில் இறந்துவிட்டார். நோயாளிகளுக்கென்று ஒரு நாளைக் குறித்து, பிப்ரவரி 11, லூர்து அன்னை திருநாளன்று உலகெங்கும் கொண்டாட 1992-இல் ஏற்பாடு செய்தவரும் அவர்தான். பிரான்சில் இருக்கிற அந்த லூர்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்னை மரியா அங்கே காட்சி தந்த 1858-லிருந்து எத்தனை இலட்சம் நோயாளிகள் அங்கே போய் வந்திருப்பார்கள். மருத்துவர்கள் ஆராய்ந்து, ஆயர்கள் புதுமை என்று முறைப்படி ஏற்றுக்கொண்டவை எழுபதுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். காட்சி கண்ட பெர்னதெத்தே ஆஸ்துமாவிலும் காசநோயிலும் கஷ்டப்பட்டு முப்பத்தைந்து வயதில் இறந்தார். அந்தக் காட்சியில் அன்னை அவருக்குக் கொடுத்த வாக்கு, இந்த உலகத்தில் அல்ல, மறு உலகத்தில் மகிழ்ச்சி தருவேன் என்பது. புதுமைகள் நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை, நடக்கிறது, நான் நம்புகிறேன், கேட்கத்தான் வேண்டும், வெட்கப்படாமல் கேட்க வேண்டும். ஆனால் அதை அளவுகோலாக வைத்து ஒருவருடைய மனசை அளக்க நமக்கு உரிமை கிடையாது.

சரி, அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். எனக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்கிறாரே, அதுதான் என்னை ரொம்ப உறுத்தியது. நம்பிக்கை என்பது ஒவ்வொருவரும் தனித்தனியாக மனசுக்குள் சேர்த்து வைத்திருக்க வேண்டிய இருப்பு, அது தீர்ந்துபோனால் கடவுள் முன்னால் போய் நிற்கவே கூடாது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். யார் இதைச் சொல்லிக்கொடுத்தது? திருச்சபையின் வழிபாடு அப்படிச் சொல்லவே இல்லை.

ஒவ்வொரு திருப்பலியிலும் விண்ணுலகிலிருக்கிற எங்கள் தந்தாய் செபம் முடிந்ததும், சமாதானம் சொல்வதற்கு முன் குருவானவர் ஒரு செபம் சொல்கிறார். எங்கள் பாவங்களைப் பாராமல் உமது திருச்சபையின் நம்பிக்கையைக் கண்ணோக்கியருளும் என்று வருகிறதே, கவனித்திருக்கிறீர்களா? என் நம்பிக்கையைப் பாரும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை, நல்ல வேளை. முன்வரிசையில் கண்ணை மூடி நிற்கிற பாட்டி, கதவோரம் நின்று எப்போது முடியும் என்று பார்க்கிற இளைஞன், அழுகிற குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு போகிற அப்பா, வர முடியாமல் வீட்டில் கிடக்கிறவர்கள், நமக்கு முன்னால் இறந்துபோன புனிதர்கள் எல்லோருடைய நம்பிக்கையையும் சேர்த்துப் பாரும் என்று கேட்கிறோம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோமே, அதற்கு என்ன தெரியும்? திருச்சபையின் விசுவாசத்தில்தான் கொடுக்கிறோம். தொடக்கமே அப்படி என்றால், நடுவில் ஒருவருக்கு முடியாமல் போகும்போது மட்டும் தனியாக நில் என்று எப்படிச் சொல்வது?

கூரையைப் பிரித்து இறக்கிய முடக்குவாதக்காரன் கதையும் இதேதான். நாலு பேர் அவனைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். ‘அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டு’ இயேசு பேசினார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் நம்பினானா, அழுதானா, அலுத்துப்போய் என்னை விடுங்கள் என்றானா, ஒரு வார்த்தை இல்லை. தூக்கிக்கொண்டு வர நாலு பேர் இருந்தார்கள், அது போதுமானதாக இருந்தது.

நான் போகிற வீடுகளில் ஒன்றைச் சொல்கிறேன். பக்கவாதம் வந்து பேச்சு போன அம்மா ஒருவர். அந்த வீட்டில் மாலையில் செபமாலை சொல்வதை நிறுத்தவில்லை. மருமகள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ‘அருள் நிறைந்த மரியே’ என்று முதல் பாதியைச் சொல்லி நிறுத்துவார். ‘அர்ச்சிஷ்ட மரியே, சர்வேசுரனுடைய மாதாவே’ என்று அந்த அம்மா எத்தனையோ காலம் சத்தமாகச் சொன்ன பழைய பதில் இப்போது வாயிலிருந்து வராது. உதடு மட்டும் அசையும், கட்டைவிரல் மணியைப் பிடித்துத் தேடும். அடுத்த அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிற பேத்தி தலையைக்கூடத் தூக்காமல் அங்கிருந்தே பதிலைச் சொல்வாள். அப்போதுதான் அந்தக் கட்டைவிரல் அடுத்த மணிக்கு நகரும். இதில் யாருடைய விசுவாசம் எவ்வளவு என்று யார் கணக்குப் போடுவது? பாவிகளாகிய ‘எங்களுக்காக’ என்றுதான் அந்தச் செபமே இருக்கிறது. அந்த அம்மா தன் மருமகளுக்குக் கற்றுக்கொடுத்ததுதான் இப்போது அவருக்கே திரும்பி வந்துகொண்டிருக்கிறது. உணர்ச்சி பொங்கினால்தான் செபிப்பேன் என்று அந்தக் குடும்பம் காத்திருந்தால் என்றைக்கோ நின்றுபோயிருக்கும்.

அன்றாடச் செபத்தை, ஞாயிறு திருப்பலியை வெறும் பழக்கம், வாய்ப்பாடு, உயிரில்லாத சடங்கு என்று சிலர் லேசாகப் பேசுகிறார்கள். மனம் நன்றாக இருக்கும் நாளில் அப்படித் தோன்றலாம். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது சொந்தமாக வார்த்தை தேடிச் செபிக்க எத்தனை பேருக்கு முடியும்? அங்கே வாயில் தானாக வருவது சின்ன வயதில் மனப்பாடம் செய்ததுதான். நான் பார்த்தவரை கடவுளை நம்பித் தாக்குப்பிடிக்கிறவர்கள், குணமாகிவிடும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் இல்லை. தெரியாது, ஆனாலும் ராத்திரி செபத்தைச் சொல்லிவிட்டுத்தான் படுப்பேன் என்கிறவர்கள்தான்.

இன்னொன்று, செபம் என்றால் சிரித்த முகமாக நன்றி சொல்வது மட்டும்தான் என்று நினைப்பவர்கள் திருப்பாடல்களைத் திறந்து பார்க்க வேண்டும். நூற்றைம்பதில் எத்தனை பாடல்கள் சண்டையும் புலம்பலும்! எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர், ஏன் தூங்குகிறீர், எழுந்து வாரும் என்று நேருக்கு நேர் கேட்கிற பாடல்கள். பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது புகழ்ச்சிக்குத் திரும்பிவிடும். 88-ஆம் திருப்பாடலோ திரும்புவதே இல்லை. அன்பரையும் தோழரையும் என்னைவிட்டு விலக்கினீர், இருள்தான் எனக்குத் துணை என்கிற பொருளிலேயே முடிந்துவிடுகிறது, ஒரு ஆறுதல் வரி கிடையாது. அந்தப் பாடலைத் திருச்சபை ஒளித்து வைக்கவில்லை. குருக்களும் துறவியரும் சொல்கிற திருப்புகழ்மாலையில், வெள்ளிக்கிழமைதோறும் இரவு செபத்துக்கு அதைத்தான் வைத்திருக்கிறது. ஆகவே அம்மா, உங்கள் மனதில் இப்போது இருக்கிற கோபத்தை அப்படியே கடவுளிடம் சொல்வது விசுவாசக் குறைவு ஆகாது. சிலுவையில் தொங்கியவரே ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்ற திருப்பாடலைத்தான் சொன்னார்.

தனியாக விடப்பட்டவர்களுக்கு என்ன வழி என்று கேட்கலாம். வியட்நாம் பேராயர் பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவானை நினைத்துக்கொள்கிறேன். 1975 ஆகஸ்ட் 15, விண்ணேற்பு அன்னை திருநாளன்று அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதின்மூன்று ஆண்டுகள் காவலில், அதில் ஒன்பது ஆண்டுகள் தனிமையில். வயிற்றுவலி மருந்து என்று சீட்டு ஒட்டி வெளியிலிருந்து கொஞ்சம் திராட்சை இரசம் அனுப்பினார்கள். உள்ளங்கையில் மூன்று சொட்டு இரசம், ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு துணுக்கு அப்பம், இவ்வளவை வைத்துத் தினமும் திருப்பலி நிறைவேற்றினார். முகாமில் கூட இருந்த கத்தோலிக்கர்களுக்கு நற்கருணையை சிகரெட் பெட்டிக் காகிதத்தில் செய்த சின்னப் பைகளில் வைத்துக் கைமாற்றினார்கள். விடுதலை எப்போது என்று அவருக்குத் தெரியாது. அந்த ஒன்பது ஆண்டுகளில் ‘நீர் முழுசாக நம்பியிருந்தால் இந்நேரம் கதவு திறந்திருக்கும்’ என்று ஒருவர் அவரிடம் போய்ச் சொல்லியிருந்தால் எப்படியிருக்கும்? உள்ளங்கையில் வைத்துச் செய்ததென்றாலும் அது தனி ஆளின் செபம் இல்லை. கட்டிலில் கிடந்தபடி நாம் உட்கொள்கிற அதே நற்கருணை, அதே திருச்சபையின் பலி.

நவநாள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டவர் விண்ணேறியதிலிருந்து தூய ஆவி இறங்கும்வரை சீடர்களும் மரியாவும் ஒன்றாகக் கூடிச் செபித்துக் காத்திருந்த ஒன்பது நாள்களின் நினைவு அது. காத்திருப்பதற்கான செபம். அதை, ஒன்பது நாள் செய்தால் பத்தாம் நாள் கேட்டது கைக்கு வந்துவிட வேண்டும் என்கிற பேரமாக மாற்றியது நாம்தான். இந்தச் செபத்தை இத்தனை பேருக்கு அனுப்பு, இல்லாவிட்டால் கெடுதல் வரும் என்று செல்போனில் வருகிறதே, அது என் வீட்டுக்கும் வருகிறது, எல்லாக் கத்தோலிக்க வீட்டுக்கும் வருகிறது. மனம் எப்படி இருந்தாலும் செபத்தின் வெளிச் செயல் மட்டுமே பலன் தந்துவிடும் என்று எண்ணுவதை மூடநம்பிக்கை என்றே கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி சொல்கிறது. தயவு செய்து அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். பயந்துகொண்டு படுத்திருக்கிறவர்களுக்கு அது இன்னொரு பயம்.

மருத்துவத்தை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று பேசுகிறவர்களும் உண்டு, அதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. நம் விவிலியத்தில் சீராக் நூல் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதி, ஆண்டவரே அவரைப் படைத்தார் என்கிறது. நோயுற்றால் மன்றாடு, அப்புறம் மருத்துவருக்கும் இடம் கொடு, அவரும் உனக்குத் தேவை என்று வரிசையாகச் சொல்கிறது. மாத்திரையைச் சாப்பிடுவதும் நம்பிக்கைதான், தவறாமல் சாப்பிடுங்கள். குணம் வேண்டிச் செபிக்கும் கூட்டங்களுக்கென்று 2000-ஆம் ஆண்டு வத்திக்கான் ஒரு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது, அதில் நாடகத்தன்மைக்கும் பரபரப்புக்கும் இடம் கொடுக்கக் கூடாது என்று, அதுவும் நடத்துகிறவர்களை முக்கியமாகக் குறிப்பிட்டே சொல்லியிருக்கிறார்கள். பங்குகளில் இதை எடுத்து வாசித்துக் காட்டினால் நல்லது.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால், முதலில் குரலைக் குறைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர்களுக்குத் தெரிந்த செபத்தைச் சொல்லுங்கள், நீங்கள் பாதி, அவர்கள் பாதி. அவர்களால் முடியவில்லை என்றால் அந்தப் பாதியையும் நீங்களே சொல்லுங்கள். காரணம் விளக்காதீர்கள். நோயாளிமேல் எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலுக்குக் குருவானவரை அழைக்க வேண்டுமா என்று வீட்டார் தயங்கினால், அது சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்ற பயத்தைப் போக்குங்கள். பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்பும் கேட்கலாம், நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம், முதுமையில் தளர்ந்தவர்களும் பெறலாம். பார்த்துக்கொள்கிறவர்களையும் விட்டுவிடாதீர்கள். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசம் உண்டல்லவா, திருச்சபைச் சட்டம் நோயாளிகளுக்கு மட்டுமல்லாமல் அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கும் அதில் விலக்குக் கொடுத்திருக்கிறது. ராத்திரியெல்லாம் கண்விழித்துக் கையில் கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டு ஓடுகிறவர்களை நினைத்துத்தானே அப்படி எழுதியிருப்பார்கள்.

அம்மா, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருகிற ஞாயிறு திருப்பலிக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருங்கள். விசுவாச அறிக்கையைச் சொல்ல வாய் வரவில்லை என்றால் சும்மா இருங்கள், சுற்றி இருக்கிறவர்கள் சொல்வார்கள். நற்கருணைக்கு எழுந்து போக மனமில்லை என்றால் உட்கார்ந்தே இருங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. வர முடியவே இல்லை, பையனை விட்டு நகர முடியவில்லை என்றால் உங்கள் பங்குத்தந்தைக்கு ஒரு தகவல் மட்டும் அனுப்புங்கள், என்னைப் போல ஒருவர் நற்கருணை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருவார். மகன் பெயரை நீங்கள் எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் எங்கள் மாலை செபத்தில் அவனுக்காகச் செபமாலையில் பத்து மணிகளைச் சொல்லத் தொடங்கிவிட்டோம்.

இப்படிக்கு,
நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் ஒரு வாசகி